கீரை வேணாம்மா

கல்யாணமாகி வந்த மறுநாள் தென்றல் ஆசையாக முருங்கைக்கீரை வதக்கியிருந்தாள். இலையில் வைக்கப் போனபோது மாமனார் தசரதன் கையை நீட்டித் தடுத்தார்.

"கீரை வேணாம்மா. ரத்தம் உறையுற டெஸ்ட்டுல நம்பர் ரெண்டுக்கு மேல இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. போன மாசம் ஒண்ணரைதான். கீரை சேத்தா அந்த நம்பர் இன்னும் கம்மியாயி ரத்தம் கட்டிக்கும்."

பதறிப்போன தென்றல், அலமாரியிலிருந்த மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து அவர் இலையோரம் வைத்தாள்.

தசரதன் அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எல்லம்மாளிடம் நகர்த்தினார்.

"ஹார்ட்டுல வால்வு ஆபரேஷன் பண்ணது எனக்கும்மா, அந்த டெஸ்ட்டும் எனக்குத்தான்," என்று சிரித்தாள் எல்லம்மாள். "இவருக்குப் பண்ற கீரைய, ஆசை அடங்காம போன மாசம் நானும் தின்னுட்டேன். அதுலேர்ந்து, கீரைன்னா உயிரை விடுற மனுஷன் தானும் தொடுறதில்ல."

தசரதன் தலையைக் குனிந்துகொண்டு, "மோர் ஊத்தும்மா" என்றார்.