செல்ஃப் எடுக்காத வண்டி

“செல்ஃப் எடுக்கலீங்க. பேட்டரி போயிடுச்சின்னு நெனைக்கிறேன். லித்தியம் போடலாமா, ஆசிட் பேட்டரியே போதுமா, நீங்களே சொல்லுங்க.”

கலையரசன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, கச்சிராயபாளையத்தில் மலை ரோடு திரும்பும் இடத்தில் இருந்த பேட்டரி கடை வாசலில் நிறுத்தினான். பேட்டரியைப் பற்றி அவனுக்குத் துளியும் கவலை இல்லை. கடையில் தனியாக நின்ற இலக்கியாவைப் பற்றித்தான் கவலை.

தரகர் பொன்னுரங்கம் கொண்டுவந்த இலக்கியாவின் ஜாதகம் அவன் ஜாதகத்தோடு பொருந்திவிட்டது. ஆனால் கிளம்பும்போது தரகர் வாசலில் நின்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

“தங்கமான பொண்ணும்மா. ஆனா கடையில வாய் ஜாஸ்தி, வர்ற ஆளு தலையில வெல ஜாஸ்தியானதையே பாத்துக் கட்டிடுதுன்னு ஒரு பேச்சு இருக்குது. செவ்வாக்கெழம அவங்க அப்பா லோடு எடுக்க கள்ளக்குறிச்சி போயிடுவாரு. தம்பிய அன்னிக்கி தெரியாத மாதிரி ஒரு தபா போய்ப் பாத்துட்டு வரச்சொல்லுங்க.”

அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு நிம்மதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோமா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். கலையரசனுக்கோ போட்டோவைப் பார்த்த அன்றே மனசு போய்விட்டது. பேச்சு உண்மையாக இருந்துவிடக் கூடாதே என்று பயமாகவே இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆளை ஆழம் பார்ப்பதில் தான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு அவனுக்கு உண்டு.

இலக்கியா சைடு கவரைக் கழற்றி, பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பேட்டரி போட்டு எத்தினி வருஷம் ஆச்சி?”

“நாலு வருஷம்.”

“வண்டி எங்க ஓடுது?”

“தெனம் வெள்ளிமலைக்கி. அங்க மரவள்ளி மண்டியில வேலை.”

“எறங்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கினு வருவீங்களா?”

மலையிலிருந்து இறங்குகிற பைக்குகளில் பாதி அப்படித்தான் வரும். பெட்ரோல் மிச்சமாம். இன்ஜின் ஓடாததால் சார்ஜ் ஏறாது. ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் லைட்டும் ஹாரனும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே வரும்.

“சேச்சே. இன்ஜின் புடிச்சிக்கினாத்தான் வளைவுல வண்டி நம்ம பேச்ச கேக்கும்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க.”

வாய் ஜாஸ்திதான் போலிருக்கிறது. அவனுக்குச் சுருக்கென்றது. சரி, சோதித்துவிடுவோம் என்று தூண்டிலைப் போட்டான்.

“லித்தியமே போட்டுடுங்க. வெல ஜாஸ்தியானாலும் பரவால்ல.”

“லித்தியம் இன்னாத்துக்கு உங்களுக்கு? எடை கம்மி, மாசக்கணக்குல சும்மா நின்னாலும் சார்ஜ் எறங்காது, எல்லாம் வாஸ்தவம். ஆனா உங்க வண்டி பழசு, இதோட சார்ஜிங் அதுக்கு ஒத்துக்குமான்னு பாக்கணும். மார்கழி பனியில மேல காலைல ஸ்டார்ட் பண்ணா மொரண்டு பண்ணும். போனாலும் சொல்லிக்காம போயிடும். ஆசிட் பேட்டரி நாலு நாள் முன்னாடியே மொனகிக் காட்டிடும். நடுமலையில உங்கள வுட்டுட்டுப் போவாது.”

“லித்தியம் வித்தா உங்களுக்குத்தான லாபம்?”

“நாளைக்கி வளைவுல நின்னுக்கினு எங்க அப்பாவத் திட்டுவீங்க. அந்த லாபம் வேணாம்.”

கலையரசனுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஊர்ப் பேச்சை நம்பி இந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. உடனே அம்மாவுக்குப் போன் போடக் கை பரபரத்தது.

அதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் டிஸ்டில் வாட்டர் கேட்டார்.

“இருங்கண்ணா, தரேன்.” பாட்டிலைக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் திரும்பி வந்தாள்.

“சரிங்க, புது ஆசிட் பேட்டரியே போட்டுடுங்க,” என்றான் கலையரசன்.

“புதுசு இன்னாத்துக்கு?”

இலக்கியா ஸ்பேனரை எடுத்து, பேட்டரியில் ஒயர் மாட்டியிருந்த டெர்மினல் போல்ட்டை ஒரு சுற்று முடுக்கினாள். பட்டனை அமுக்கினாள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

“தெருமுனையில குனிஞ்சி நின்னு இத லூஸ் பண்ணிக்கினு இருந்தீங்களே, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

கலையரசன் முகம் வெளுத்தது. “அது வந்து... நான்...”

“கடைக்கி வர்ற எல்லாரையும் அண்ணான்னுதான் கூப்புடுவேன். உங்கள கூப்புட்டனா? உங்க போட்டோவும் எங்க வூட்டுக்கு வந்துச்சிங்க.”

அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வண்டியைப் பார்த்தான்.

“நாலு வருஷமா மலையில ஓடியும் பேட்டரி ஃபுல் சார்ஜுல நிக்குது. தண்ணி கொறையல, டெர்மினல்ல உப்பு பூக்கல. நீங்க உருட்டிக்கினு எறங்கறதில்லன்னு இதுவே சொல்லிடுச்சி. உங்களுக்கு முன்னாடி இப்பிடி தெரியாத மாதிரி என்னப் பாக்க வந்த ரெண்டு பேரும் உருட்டறதில்லன்னு இதே மாதிரிதான் அடிச்சி சொன்னாங்க. அவங்க பேட்டரி ரெண்டும் செத்துக் கெடந்துது.” அவள் சைடு கவரை மாட்டினாள். “ஞாயித்துக்கெழம உங்க அம்மாவ வரச்சொல்லுங்க. எனக்கு சம்மதம்.”

சந்தோஷத்தில் தலைகால் புரியாவிட்டாலும் அவனுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. “அப்ப... நீங்க வெல ஜாஸ்தியா தலையில கட்டுவீங்கன்னு தரகர் சொன்னாரே?”

“பொண்ணு பாக்க வர்றவங்க எல்லாம் கார் புடிச்சிக்கினு வந்து கேசரி சாப்ட்டுட்டுப் போயிடறாங்க, ஒருத்தரும் பைக்க எடுத்துக்கினு வர்றதில்ல. பேட்டரியப் பாக்காம ஆள எப்பிடித் தெரிஞ்சிக்கறது?” என்று சிரித்தாள் இலக்கியா. “அதான், அப்பிடி ஒரு பேச்ச கெளப்பி வுடுங்கன்னு தரகர்கிட்ட நான்தான் சொல்லி வச்சேன்.”