பெரட்டில் இல்லாத பெயர்

ரெங்கசாமி கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். வேலப்பனுக்கு அதுவே போதும். முதுகில் குத்தியது இந்த ஆள்தான்.

“என் மூஞ்சிய பாத்துச் சொல்லு. வேலாயி பேர செக்ரோல்லருந்து வெட்டுனது நீதானே?”

“நான்தான் வெட்டுனேன்.”

“எதுக்கு?”

“அத என்கிட்ட கேக்காத வேலப்பா.”

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடிந்து, தேயிலைக் கொழுந்து வெட்டக் கிளம்பிய பெண்கள் முதுகில் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். பெயர் கூப்பிடும் கங்காணியையே ஒருவர் நிற்கவைத்துக் கேள்வி கேட்பது தினமும் கிடைக்கிற காட்சியா என்ன?

முப்பத்தைந்து வருடம் எஸ்டேட் லோரி ஓட்டிய வேலப்பன் போன மாதம்தான் ரிட்டையர் ஆனார். புருஷன், பெண்டாட்டி இருவரில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் இருக்கும்வரை லைன் வீடு அவர்களுக்குத்தான் என்பது அந்த எஸ்டேட்டின் வழக்கம். மனைவி வேலாயிக்கு இன்னும் ஐந்து வருட வேலை பாக்கி. அந்த ஐந்து வருடத்தை நம்பித்தான் மனிதர் மனக்கோட்டை கட்டியிருந்தார்.

கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ரிட்டையர் ஆனவர்கள் கேமரன் மலைக்கு வந்து வீடு பிடிக்கிறார்கள். கையில் ஒரு குச்சியோடு காட்டுப்பாதையில் ஏறி, பனியில் நனைந்து, ஸ்ட்ராபெரி தின்று திரும்புகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் லோரியின் வேகத்தைக் குறைத்துப் பெருமூச்சு விட்டவர் வேலப்பன். தன் முறை வந்ததும் பிரிஞ்சாங் டவுனில் மலையேற இரண்டு ஜோடி ரப்பர் சப்பாத்து வாங்கிவந்தார்.

“வார நாள்ல நான் தனியா நடக்குறேன். ஞாயித்துக்கிழமை நீயும் வா லா, உச்சி வரைக்கும் போயிட்டு வரலாம்” என்று அன்றைக்கு ஆசை ஆசையாகச் சொன்னார்.

வேலாயி முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “தெலுக் இந்தான்ல வடிவம்மாள் அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்காம்” என்றாள். வேலப்பன் சிரித்துவிட்டார். இந்தக் குளிரை விட்டுவிட்டு அந்தச் சமவெளி வெக்கையில் போய் யார் கிடப்பார்கள்?

நேற்று சாயங்காலம் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வேலாயியின் பெயரும் செக்ரோலில் இல்லாததால் ஒரு மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டுமாம். வேலாயி அடுப்படிக்குப் போய்விட்டாள். பாவம், இடிந்துபோயிருக்கிறாள் என்று வேலப்பன் நினைத்துக்கொண்டார்.

“உன் மருமகனுக்கு வீடு இல்லன்னு அலைஞ்சியே, என் வீட்டப் புடுங்கி அவனுக்குக் குடுக்கப் போறியா?” என்றார் இப்போது.

கங்காணி வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

ஒரே லைனில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இருவரும்.  வேலப்பனுக்கு அழுகைதான் வந்தது, அத்தனை பேர் முன்னால் அழ முடியாமல் ஏசினார். “நான் செத்தாகூட என் வாசப்படி மிதிக்காத” என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று ஆபீசுக்கு நடந்தார்.

எஸ்டேட் துரை அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார்.  “எனக்கு ஆள் தேவைதான் வேலப்பன். நாளைக்கு உங்க மனைவி பெரட்டுக்கு வந்து நின்னா, பேர மறுபடி எழுதச் சொல்றேன்.”

வேலப்பன் கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தார். வேலாயி பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் எடுத்து வெளிய வை. துரைகிட்ட பேசிட்டேன். நாளைக்குப் பெரட்டுல போய் நில்லு, பேர் ஏறிடும். வீடு நம்மளுதுதான்.”

அவள் இன்னொரு தட்டை எடுத்துச் சுற்றினாள்.

“அந்தக் கங்காணிய நாலு பேர் முன்னால நாறடிச்சிட்டுதான் வந்தேன். துரோகிப் பய.”

வேலாயியின் கை நின்றது. “அவரயா ஏசுனீங்க? நான் வீட்டுல சொல்ற வரைக்கும் வாயத் திறக்கக்கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்குனதே நான்தாங்க.”

“நீ எதுக்குச் சத்தியம் வாங்கணும்?”

“என் பேர வெட்டச் சொன்னது நான்தான். சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், நீங்க சப்பாத்தோட வந்து நின்னீங்க.”

வேலப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கங்காணி தானாகச் செய்திருந்தால்கூட வருடக் கணக்கில் திட்டித் தீர்த்து, ஒருநாள் மன்னித்திருப்பார். முப்பத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவள் செய்ததை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

“எங்கெங்கயோ இருக்கிறவங்கள்லாம் இந்த மலைக்கு ஏங்கி வர்றாங்க. எனக்கு இருந்தது இந்த ஒரு ஆசைதான். ஏன் வேலாயி இப்படிச் செஞ்ச?”

வேலாயி குரலை உயர்த்தவில்லை.

“முப்பது வருஷமா கூடையோட ஏறியாச்சு, இனிமே மேடே இல்லாத ஊரு வேணுங்க எனக்கு.”