ஒரே வாசல்

லாரியின் முதுகில் ஏற்றி ஊர் சுற்றுவதற்கென்று யாரோ அந்தக் காலத்தில் செய்த வீட்டுப் பெட்டி அது. கட்டில், அடுப்பு, ஜன்னல் எல்லாம் உண்டு. வாசல் மட்டும் ஒன்றே ஒன்று, அதுவும் பின்பக்கம். ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ட்ரெய்லருக்கு மேலே அதைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார் வெல்டர் தஸ்தகீர். அதை வாங்கியிருந்த இளவேனில் வாசலை முன்பக்கம் திருப்பி இறக்கச் சொன்னாள்.

"அடுப்பு, தண்ணித்தொட்டி, அத்தன கனமும் பின்னால போயிரும்மா. வண்டி மூக்கத் தூக்கிக்கும்."

"தூக்கட்டும் பாய். எங்கம்மா முப்பது வருசம் அடுத்தவன் வீட்டுக் கொல்லப்பக்கமாப் போயி பாத்திரம் தேச்சுதான் என்னைப் படிக்க வெச்சுச்சு. சொந்த வீட்டுக்கும் பின்னாலதான் ஏறணுமா?"

திருப்பியே இறக்கினார்கள். சங்கிலி தளர்ந்ததும் ட்ரெய்லர் பின்னால் குந்திவிட்டது. தஸ்தகீர் பீடி பற்றவைத்தார். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுக்கா காலேஜுக்குப் போன? பெட்டி அதும்பாட்டுக்கு உக்காரட்டும்டி. நம்ம மனையில வண்டி மூக்க உள்பக்கமா விட்டு நிறுத்து. வாசல் தெருவப் பாத்துக்கும்."

இளவேனிலுக்குக் கோபிக்க ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியை மறுபடி தூக்கித் திருப்பி வைத்ததும் போல்ட்டுகளை அவளே முடுக்கினாள்.

மறுநாள் காலை மனையில், தெருவைப் பார்த்த அந்த வாசலில் அம்மா காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு டீ குடித்தாள். அந்த வழியாக வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"வீட்டுக்காரங்க இருக்காங்களா?"

அம்மா எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.