வெளியே வைக்கிற மோடம்

ஆறுமுகத்தாய் தில்லைநாயகம் வீட்டு வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். கையில் சோப்பு ஈரம் இன்னும் காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இப்படித்தான் வருவாள். பம்பாயில் இட்லிக் கடையில் வேலை பார்க்கும் மகன் செந்தூர்பாண்டி அன்றைக்குத்தான் இந்த வீட்டு நம்பருக்குப் பேசுவான். அவளுடையது பீடி சுற்றுகிற கை. ரிசீவரில் புகையிலை வாடை ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுத்த தெருவிலிருந்து கிளம்புவாள்.

தில்லைநாயகம் அந்தக் கையைப் பார்க்காமல் போன் ஸ்டாண்டைப் பார்த்தார்.

அவர் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர். ஒருவர் முகத்துக்கு நேரே ‘வராதே’ என்று சொல்லத் தைரியம் கிடையாது. அதிலும் இவளிடம். போன் வந்த புதிதில், பெருமை தாங்காமல், பையனிடம் நம்ம நம்பரைக் கொடு என்று வலியப் போய்ச் சொன்னதே அவர்தான்.

இப்போது மகள் விஜயஸ்ரீயைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தோதுப்படுகிறது. நடு ஹாலில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, கம்பியில்லாமலே பம்பாய்க்குக் கேட்கிற மாதிரி ‘ஏலே, சாப்பிட்டியாலே’ என்று கத்தினால் நன்றாகவா இருக்கும்? நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மனைவி ராஜராஜேஸ்வரியும், நீ சொல்லேன் என்று அவருமாக ஒரு மாதம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் வண்ணார்பேட்டைக் கடைக்கு, போன் லைனில் இன்டர்நெட் கொண்டுவருகிற மோடம் பார்க்கப் போனார்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். கம்ப்யூட்டருக்கு உள்ளே மாட்டுவது ஒன்று, வெளியே வைப்பது ஒன்று. உள்ளே மாட்டுவது விலை குறைவு, வீட்டுக்கு அதுவே போதும் என்றார். இன்டர்நெட் ஓடுகிற வரைக்கும் போன் வராது, அது ஒன்றுதான் தொந்தரவு என்று தலையைச் சொறிந்தார்.

தில்லைநாயகம் வெளியே வைப்பதையே எடுத்தார். அதன் முன்பக்கம் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் இருந்தன. வீட்டில் என்ன கம்ப்யூட்டர் என்று கடைக்காரர் கேட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அந்த விளக்குகள்தான் இப்போது போனுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தன. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

“உள்ள இன்டர்நெட் ஓடுது, ஆறுமுகத்தாய். அது ஓடுத வரைக்கும் போன் வராது. இனிமே ஞாயித்துக்கிழமை பூரா இப்படித்தான்.”

காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு. சொல்லி முடித்ததும் காது சுட்டது. அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது.

அவள் விளக்குகளைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள்.

“படிப்புக் காரியம்லா அண்ணாச்சி. நடக்கட்டும்” என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரு செருப்பை மாட்டி, மற்றதைக் காலால் துழாவும்போது போன் அடித்தது.

மோடம் பாட்டுக்கு எரிந்தது. போன் பாட்டுக்கு அடித்தது.

சாத்திய அறைக்குள் ஒரு கட்டிலும், கொடியில் காய்கிற வேட்டியும்தான் இருந்தன. அந்த வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. கரண்ட் கொடுத்தால் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் போதும் என்று வாங்கி வந்துவிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத மோடம் எந்தப் போனையும் நிறுத்தாது என்பது அந்தக் கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை.

அவமானத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை. அவள் நாலு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஆறுமுகத்தாய் மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

“எடுங்க அண்ணாச்சி. பொண்ணு பாக்க வாரவங்களா இருக்கும்.”

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

அவர் ரிசீவரை எடுத்தார்.

“சார், செந்தூர்பாண்டி பேசுதேன். அம்மா வந்திருக்காளா?”

அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.