சட்டைக்கை பட்ட பந்து

பெரம்பூரில் சலோமி நடத்தும் ஸ்னூக்கர் கிளப்பில் அவள் அப்பா காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்தவனே வாய்விட்டு 'ஃபவுல்' சொல்ல வேண்டும். இப்போது அரசு கேமரா பொருத்திய மேஜையே தீர்ப்புச் சொல்கிறது; அது பொய் என்று கருதுவதெல்லாம் அரசுப் பதிவேட்டில் ஏறிவிடும்.

நேற்று டாக்ஸி ஓட்டும் தனசிங்கின் சட்டைக்கை பந்தில் உரசியது. "ஃபவுல். கை பட்டுச்சு," என்றான் அவனே.

"படவில்லை. உங்கள் பெயரில் பொய் பதிவாகிறது," என்றது மேஜை. இன்னொரு பொய் பதிவானால் அவன் டாக்ஸி லைசென்ஸ் போய்விடும்.

இன்றும் உரசியது. சலோமி பார்த்துவிட்டாள். அவன் தலையைத் தூக்காமல் அடுத்த பந்தைக் குறிபார்த்தான்.

"இன்னா தனசிங், பட்டுச்சே?"

"தெரியும்க்கா. வாயத் தொறந்தா வண்டி போயிடும்."

சலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் அல்ல, உண்மை சொன்னவனைப் பொய்யனாக்கி, இப்போது ஊமையாகவும் ஆக்கிவிட்ட அந்த மேஜைமேல். அதை ஓங்கித் தட்டினாள்.

"ஃபவுல்."

"படவில்லை. உரிமையாளர் பெயரில் பொய் பதிவாகிறது. மீண்டும் சொன்னால் கிளப் மூடப்படும்."

"மூடு. என் கண்ணால பாத்தேன். ஃபவுல்."

விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. தனசிங் மேஜையைவிட்டு விலகி, ஃபவுல் செய்தவன் செய்வதுபோல் அடுத்த ஆட்டத்தை எதிராளிக்கு விட்டான்.