ஆக்ஸலுக்கு ஒரு வீடு

“போயும் போயும் அந்த டெல்மருக்கா இந்த நாயைக் கொடுக்கப் போறீங்க?”

காரை ஓட்டிக்கொண்டே கேட்டார் போலீஸ்காரர் ராய்ஸ். பின் சீட்டில் அவரோடு வேலை பார்த்த மோப்ப நாய் ஆக்ஸல் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

“அவர் ஒருத்தர்தான் மனு போட்டிருக்கார்” என்றாள் நாய்கள் காப்பகத்து லோர்னா.

“கஞ்சா வித்து மூணு வருஷம் உள்ள இருந்தவன்மா அவன். மோப்பம் பிடிச்சு மாட்டிவிட்டதே இந்த ஆக்ஸல்தான். எதுக்கு இதையே கேக்கறான்னு யோசிக்க வேண்டாமா?”

“சட்டம் மாறினதும் அந்தக் கேஸை கோர்ட்டே அழிச்சிடுச்சே.”

“பேப்பர்ல அழிச்சா, ஆள் மாறிடுவானா?”

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கஞ்சா விற்கலாம் என்று ஆனதும் முதலில் வேலை போனது ஆக்ஸலுக்குத்தான். வாசனை வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பந்து கிடைக்கும். அது கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மறக்கடிக்க யாராலும் முடியவில்லை.

இரண்டு வீட்டுக்காரர்கள், “எங்க வீட்ல அந்தப் பேச்சே கிடையாது” என்று சத்தியம் செய்து வாங்கிப் போனார்கள். ஒரு வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தது. இன்னொன்று, சர்ச்சில் பாட்டு சொல்லித் தருகிறவர் வீடு. அங்கே பைபிள் வைத்த அலமாரி முன்னால். பந்து தருவார் யாருமில்லை. அதுவும் தின்னாமல், தூங்காமல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

“இங்கயும் உக்காந்துட்டா அவ்வளவுதான்” என்றாள் லோர்னா. “பத்து வயசாச்சு. கடைசி வரைக்கும் எங்க கூண்டுதான் இதுக்கு. ஏன் சார், நீங்களே வெச்சுக்கலாமே? உங்க போலீஸ் ஆளுங்களுக்குத்தான் கஞ்சா இன்னும் தடையாமே. தொட்டா வேலையே போயிடுமாம். ஊர்லயே சுத்தமான வீடு உங்களோடதுதான்.”

“என் மனைவிக்கு நாய் முடி ஒத்துக்காது” என்றார் ராய்ஸ், ரோட்டைப் பார்த்தபடி.

டெல்மர் வாசலிலேயே நின்றிருந்தான். கூரை வேலை செய்கிறவன். தார் படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“வாங்க சார். வாங்கம்மா. டேய் ஆக்ஸல், கிழவனாயிட்டியேடா!”

“நேராவே கேக்கறேன்” என்றார் ராய்ஸ். “பழி வாங்கவா?”

டெல்மர் சிரித்துவிட்டான்.

“இதுக்கு என் மேல என்ன சார் கோபம்? பந்து வேணும், உக்காந்துச்சு. நீங்க எனக்கு விலங்கு மாட்டிட்டு இதுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டீங்க. என்னா ஓட்டம் ஓடுச்சு! அன்னைக்கு அந்த ரோட்டுல சந்தோஷமா இருந்த ஜீவன் இது ஒண்ணுதான்.”

லோர்னா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“நான் செஞ்ச தொழிலை இப்ப மெயின் ரோட்டுல விளக்குப் போட்டுச் செய்யறாங்க. இது செஞ்ச தொழில்தான் இல்லாமப் போச்சு. பாவமா இருந்துச்சு, கேட்டேன்.”

“கடையில வரி ஜாஸ்தின்னு இன்னும் திருட்டுத்தனமா வாங்கறவங்க இருக்காங்க” என்றார் ராய்ஸ். “உன்கிட்ட வரலையா?”

“வந்தாங்களே. கூரை ஒழுகினா வாங்கன்னு அனுப்பிட்டேன்.”

“பேச்செல்லாம் சரி. நாய் சொல்லட்டும்.”

ராய்ஸ் சங்கிலியைப் பிடித்தார். “தேடு!”

ஆக்ஸல் சமையலறைக்குள் போனது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், படுக்கையறையில், தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த கொட்டகையில் மோந்து மோந்து திரிந்தது. எங்கேயும் உட்காரவில்லை. டெல்மர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

“போதும் சார், அவிழ்த்துவிடுங்க” என்றாள் லோர்னா. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள்.

சங்கிலியை அவிழ்த்ததும் ஆக்ஸல் முன்னறைக்கு வந்தது. டெல்மரைக் கடந்தது. ராய்ஸின் முன்னால் போய், முதுகை நிமிர்த்தி, விறைப்பாக உட்கார்ந்தது.

லோர்னாவின் பேனா நின்றது. “என்ன இது? எதுக்கு உக்காருது?”

ராய்ஸ் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

டெல்மர் நாயைப் பார்த்தான். ராய்ஸைப் பார்த்தான்.

“இது கூடவா புரியல?” என்றான் லோர்னாவிடம். “ஏழெட்டு வருஷம் கூடவே திரிஞ்ச ஆளு விட்டுட்டுப் போறாரு. போகாதேன்னு மறிச்சு உக்காந்திருக்கு, பாவம்.”

லோர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “மூக்கை மட்டுமே பாத்தோம், இதுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கறதை மறந்துட்டோம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நாயின் மெத்தையையும் கிண்ணத்தையும் எடுத்துவரக் காருக்குப் போனாள்.

அறையில் இரண்டு பேரும் நாயும்தான்.

டெல்மர் புதுப் பந்து ஒன்றை எடுத்து உருட்டிவிட்டான். ஆக்ஸல் துள்ளி எழுந்து, வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது.

“டெல்மர்…” என்று ஆரம்பித்தார் ராய்ஸ்.

“ஞாயித்துக்கிழமைதோறும் வந்து இதைப் பாத்துட்டுப் போங்க சார்” என்றான் டெல்மர், மெல்ல. “கோட்டுப் பையில இருக்கறதை மட்டும் கார்லயே வெச்சுட்டு வாங்க.”