இளவரசி பெயரில் ஒரு ஸ்கூட்டர்

விற்பவனின் வீட்டு வாசலில் நின்று, அவள் ஸ்கூட்டரின் ஆர்சி கார்டை மறுபடியும் பார்த்தாள்.

உரிமையாளர்: இளவரசி.

"என் ஒய்ஃபுதான்க்கா," என்றான் செல்லப்பாண்டி. "அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. பேர் மாத்துற ஃபாரத்துல எல்லாம் கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன்."

கையெழுத்து இருந்தது. அழுத்தமாக, அவசரமாக.

சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கார்டோடு ஒத்துப்போயின. கேஸ் எதுவும் இல்லை, லோன் பாக்கி இல்லை. போனிலேயே பார்த்துவிட்டாள். டயர்கூடப் புதிது.

விலைதான் உறுத்தியது. இவ்வளவு குறைத்து யார் கொடுப்பார்கள்?

ஆனால் வண்டி வேண்டும். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலை ஷிஃப்ட். முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் ஷிஃப்ட் தொடங்கிவிடுகிறது. இனி தாமதமாக வந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"சீக்கிரம் சொல்லுங்கக்கா. இன்னொரு பார்ட்டி வந்துட்டிருக்காங்க."

இன்சூரன்ஸ் தாளைப் புரட்டினாள். அதில் இளவரசியின் எண் இருந்தது.

ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் அழுத்தினாள்.

வீட்டுக்குள் மணி அடித்தது.

அவன் முகம் மாறியது. "போனை வச்சுட்டுப் போயிட்டா."

மணி நின்றது.

"ஹலோ?"

குரல் காதிலும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

அவன் கிட்டே வந்தான். போனை வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். அவள் வைக்கவில்லை.

"இளவரசிங்களா? உங்க ஸ்கூட்டரை வாங்க வந்திருக்கேம்மா. விக்கிறதுல உங்களுக்குச் சம்மதந்தானே?"

உள்ளே காலடிச் சத்தம் கதவை நோக்கி வந்தது.

"என் வண்டியையா?"

கதவு திறந்தது.

"உள்ள போ. அப்புறம் பேசிக்கலாம்," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

இளவரசி அவன் பக்கம் திரும்பவில்லை. வந்தவள் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கினாள். தன் பெயரை வேறு யாரோ எழுதியிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதானா?

செல்லப்பாண்டி சிரிக்க முயன்றான். "கோவக்காரி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

வாங்க வந்தவள், ஓட்டிப் பார்க்க அவன் தந்திருந்த வண்டிச் சாவியை அவனிடமே நீட்டினாள். நடுவில் ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது.

இளவரசியின் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. ஜிப் பாதிதான் மூடியிருந்தது.

அவன் பையைப் பிடித்தான். எதிர்வீட்டில் யாரோ சன்னலைத் திறந்தார்கள். கையை எடுத்துவிட்டான்.

"ஏறுங்கக்கா. பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்."

ஏறினாள்.

இளவரசி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். வண்டி நேராகப் போனது.

பஸ் ஸ்டாண்ட் வந்தது.

இளவரசி நிறுத்தவில்லை.

பின்னால் இருந்தவளும் நிறுத்தச் சொல்லவில்லை.